சைடு ஸ்டாண்டு வரைந்தவன்

பந்தய விதி ஒரே வரிதான்:
ஓட்ட நினைப்பதை விற்கவும் வேண்டும்.
ஐந்நூறு வண்டி, நம்பர் பலகையோடு,
முகம் தெரியாத ஐந்நூறு பேருக்கு.
அந்த ஒரு வரியால்தான்
ஹமமட்சுவில் எனக்கு வேலை.

மாடியில் ஹிபினோவின் ஆட்கள் எஞ்சின் வரைந்தார்கள்.
முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு,
முதுகு சாய்த்து விரிந்த நான்கு சிலிண்டர்கள்.
வால்வுகளுக்குத் தாளம் சொல்லச் சங்கிலி கிடையாது.
"சங்கிலி நீளும். நீண்டது பொய் சொல்லும்" என்பார் ஹிபினோ.
அதனால் பல்லோடு பல் கடித்துச் சுழலும் சக்கரங்கள்.
சோதனை அறையில் அது பாடத் தொடங்கினால்
கேன்டீனில் சூப்புக் கிண்ணம் நடுங்கும்.

கனாமே என்ற பெண்
டைட்டானியம் கனெக்டிங் ராடுகளைத் தராசில் வைத்து
கால் கிராம் பிசகாமல் ஜோடி சேர்ப்பாள்,
பத்துப் பொருத்தமும் பார்ப்பவளைப்போல.
சேராதவை ஒரு தகரப் பெட்டியில்
கன்னியாகவே கிடக்கும்.

நான் கீழ்த்தளம்.
ஹாரன் வரைந்தேன். இண்டிகேட்டர் வரைந்தேன்.
பின்னால் பார்க்கும் கண்ணாடி வரைந்தபோது
மாடியிலிருந்து யாரோ வந்து கேட்டான்,
பின்னால் யார் வரப்போகிறார்கள் என்று.
கடைசியாக சைடு ஸ்டாண்டு.

சிரிக்க வேண்டாம். ஒன்பது வாரம் அது.
சாய்வு குறைந்தால் காற்று தள்ளிவிடும்,
கூடினால் குட்டையானவர் நிமிர்த்த முடியாது.
ஆகஸ்ட் வெயிலில் தார் இளகும், பாதம் அகலம் வேண்டும்.
அகலமானால் இடது வளைவில் தரையை உரசும்.
பதினோரு டிகிரி. இரண்டு ஸ்பிரிங்.
ஒரு ஸ்விட்ச்:
ஸ்டாண்டை மடக்காமல் கியர் போட்டால் எஞ்சின் அணையும்.
மாடியின் அத்தனை குதிரைகளும்
என்னிடம் அனுமதி கேட்டுத்தான் கிளம்ப வேண்டும்.
இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஹிபினோ அதைக் கையில் வாங்கி ஏந்திப் பார்த்தார்.
"அறுநூற்று நாற்பது கிராம்."
அந்தக் குளிர்காலம் முழுக்க
நாற்பது கிராமுக்காக போல்ட்டுகளின் வயிற்றைக்
குடைந்து கொண்டிருந்த மனிதர்.
வேறொன்றும் சொல்லவில்லை.
திட்டியிருக்கலாம்.

ஜூலை. எட்டு மணி நேரப் பந்தயம்.
தண்ணீர் கேன் தூக்க என்னையும் அழைத்துப் போனார்கள்.
பின்சக்கரத்துக்கு ஒருபக்கக் கை மட்டுமே,
ஒரே நட்டு, கழற்றி மாட்டப் பதினான்கு நொடி.
ஐந்து மணி வரை நாங்கள் இரண்டாம் இடம்.
ஆறாவது மணியில் எங்கோ ஒரு ஆயில் சீல்,
விரல் மோதிரம் அளவு ரப்பர்,
மனம் மாறிவிட்டது.

ஒகிமுனே வண்டியைத் தள்ளியே கொண்டுவந்தான்,
எண்ணூறு மீட்டர், தோல் உடையில், அந்த வெயிலில்.
தாங்கும் ஸ்டாண்டை யாரோ
வேறு கூடாரத்துக்குத் தூக்கிப் போயிருந்தார்கள்.
பந்தய வண்டிக்கு ஏது கால்?
அவனே காலாக நின்றான்.
ஹெல்மெட் கழற்றக் கை ஒழியவில்லை.
முழங்கால் நடுங்கியது. விடவில்லை.
கனாமே ஓடி மறுபக்கம் பிடித்தாள்.
ஹிபினோ வண்டியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்,
பிறகு தண்ணீர் கேனோடு நின்ற என்னை.

"அறுநூற்று நாற்பது" என்றார்.

இன்றுவரை தெரியவில்லை,
அது மன்னிப்பா, கணக்கா.

ஐந்நூறும் விற்றுத் தீர்ந்தன.
அவற்றில் ஒன்றைப் போன வாரம் பார்த்தேன்,
ஹமனா ஏரிக்கரையில், ஒரு கடை வாசலில்.
ஓட்டி வந்த பெண் குதிகாலால் ஸ்டாண்டைத் தட்டினாள்,
குனியாமல், யோசிக்காமல்,
கையை விட்டுவிட்டு
டப்பா காப்பி வாங்க உள்ளே போய்விட்டாள்.

எஞ்சின் சொடுக்குச் சொடுக்காக ஆறிக்கொண்டிருந்தது.
நான் செருப்பைச் சரிசெய்பவன்போல் உட்கார்ந்து பார்த்தேன்.
இளகிய தாரில் பாதம் லேசாகப் புதைந்திருந்தது,
நான் கணக்கிட்டதைவிடக் குறைவாக.